'பரீட்சைக்கு ஜீரோன்னு எழுதிடு'

பதினோராம் வகுப்பில் 'வேலை, ஆற்றல் மற்றும் திறன்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தலையில் சுமையோடு சமதரையில் நடக்கும் ஒருவர் அந்தச் சுமையின் மீது செய்யும் வேலை சுழி என்று கரும்பலகையில் எழுதினேன். விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி பக்கவாட்டில், இடையில் 90 டிகிரி, காஸ் 90 சுழி. கணக்கு முடிந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், நான் தெனமும் காலைல கொழாயடிலேர்ந்து கொடம் தூக்கிட்டு வரேன். தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. நான் வேலையே செய்யலன்னு சொல்றீங்களா? அப்ப ஏன் மிஸ் கழுத்து வலிக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. வகுப்பே பதிலுக்குக் காத்திருந்தது. அந்த ஆண்டு நான் பாடத்திட்டத்தில் பின்தங்கியிருந்தேன். காலாண்டுத் தேர்வுக்குள் இன்னும் இரண்டு பாடம் முடித்தாக வேண்டும். "அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதம்மா. பரீட்சைக்கு ஜீரோன்னு எழுதிடு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். காலாண்டில் அந்தக் கேள்வி வந்தது. ஜீரோ என்றே எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. குடத்தின் மீது நீ செய்த வேலைதான் சுழி. உன் உடம்பு சும்மா இருக்கவில்லை. கழுத்துத் தசை சுமையைத் தாங்கி நிற்கும்போது அதன் இழைகள் ஓயாமல் சுருங்கியும் தளர்ந்தும் கொண்டிருக்கின்றன. நீ சாப்பிட்ட சோற்றின் ஆற்றல் அங்கே செலவாகி வெப்பமாகிறது. அதே குடத்தை ஒரு மேசைமேல் வைத்தால் மேசையும்தான் தாங்குகிறது. ஆனால் மேசைக்கு ஒரு பிடி சோறு தேவையில்லை. ஊரில் 'வேலை' என்று சொல்வது ஒன்று, இயற்பியல் 'வேலை' என்று பெயர் வைத்திருப்பது இன்னொன்று, இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்போம், வா. இவ்வளவுதான். அந்தப் பிள்ளை தன் கழுத்தையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. முப்பது வருடச் சர்வீஸில் அதைவிடச் சிறந்த இயற்பியல் கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நான் அவளை உட்கார வைத்தேன்.

இது என் ஒருத்தியின் தவறாக மட்டும் இருந்திருந்தால் எனக்குள்ளேயே வைத்திருப்பேன். சக இயற்பியல் ஆசிரியர்களோடு பழகியும் பேசியும் வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நாங்கள் எல்லோரும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இதைச் செய்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு நாங்கள் வைக்காத டெஸ்ட் இல்லை. காலையில் ஸ்லிப் டெஸ்ட், மாலைச் சிறப்பு வகுப்பில் ஒரு டெஸ்ட், மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல், மூன்றாம் திருப்புதல். இத்தனையிலும் 'நீ என்ன நினைக்கிறாய்' என்று ஒரு கேள்வி நாங்கள் கேட்டதில்லை.

என் கண் திறந்தது ஒரு டார்ச் பல்பால். இரண்டு வருடத்துக்கு முன் ஜூலை மாதம், புதிதாகப் பதினோராம் வகுப்பு சேர்ந்திருந்தார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் நல்ல மதிப்பெண் எடுத்து முதல் குரூப் கேட்டு வந்த பிள்ளைகள். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். தொடரிணைப்பு, பக்க இணைப்பு, மின்தடை எண் எல்லாம் பத்தாம் வகுப்பில் முடித்தவர்கள். ஆளுக்கு ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன டார்ச் பல்பு, ஒரு முழ வயர் கொடுத்தேன். ஹோல்டர் கிடையாது, இரண்டாவது வயர் கிடையாது. எரிய வையுங்கள் என்றேன்.

பெரும்பாலானவர்கள் வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் தலையில் வைத்து மறு முனையைப் பல்பின் அடியில் வைத்தார்கள். எரியவில்லை. பல்பு ஃபியூஸ் என்றார்கள். வேறு பல்பு கேட்டார்கள். பேட்டரி செத்துவிட்டது என்றார்கள். பல்புக்குள் போன மின்னோட்டம் வெளியே வர ஒரு வழி வேண்டும், பல்புக்கு இரண்டு முனை உண்டு, அடியில் இருக்கும் பொட்டு ஒன்று, பக்கவாட்டு உலோகம் இன்னொன்று என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அதே பிள்ளைகள்தான் மூடிய சுற்றின் வழியாக மட்டுமே மின்னோட்டம் பாயும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். மூடிய சுற்று என்பது அவர்களுக்கு ஒரு வாக்கியம். கையால் தொட்டுப் பார்த்த பொருளாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பையன் மட்டும் அரை நிமிடத்தில் எரிய வைத்தான். பேட்டரியின் தலைமேல் பல்பை நேராக நிறுத்தி, பேட்டரியின் அடியிலிருந்து வயரை வளைத்துப் பல்பின் இடுப்பில் தொட்டான். அவன் அப்பா பம்ப்செட் மோட்டார் பார்ப்பவர். லீவு நாளில் இவனும் கூடப் போவான். எனக்கு ஒரே மகிழ்ச்சி. இதோ, புத்தகம் தராததை வாழ்க்கை தந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு பல்பைத் தொடரில் சேர்த்தால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டேன். "மொதல்ல இருக்குற பல்புதான் மிஸ். கரண்ட அது எடுத்துக்கும்ல, மிச்சந்தான் ரெண்டாவதுக்குப் போவும்" என்றான். ஒரே மாதிரியான இரண்டு பல்பும் தொடரில் ஒரே அளவாக எரியும். மின்னோட்டம் வழியில் கரைவதில்லை, ஆற்றல்தான் வெளிச்சமாகவும் சூடாகவும் மாறுகிறது. அவன் கைக்குத் தெரிந்தது அவன் எண்ணத்துக்கு எட்டவில்லை. யாரும் அவனிடம் இதைக் கேட்டிருக்கவில்லை. அவன் அறிவியலில் எடுத்திருந்த மதிப்பெண்ணும் இதைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

பல்பு எரியாமல் திகைத்து நின்ற என் பிள்ளைகளுக்குப் பெரிய கூட்டாளிகள் உண்டு என்று பிறகு தெரிந்தது. 1990-களில் அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆவணப் படத்தில் எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம், பட்டமளிப்பு விழா அங்கி கழற்றாத நிலையிலேயே, இதே பேட்டரியும் பல்பும் வயரும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பலர் தடுமாறினார்கள். இது எனக்கு ஆறுதல் தரவில்லை. அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்து ஊருக்குக் காட்டினார்கள். நாங்கள் கேட்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க வேறு கேள்விகளும் கேட்டேன். ஒரு கல்லை நேராக மேலே எறிகிறோம். கையை விட்டுப் பிரிந்து, மேலே ஏறிக்கொண்டிருக்கும் கல்லின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? படம் வரைந்து அம்புக்குறி போடுங்கள். காற்றின் தடையை விட்டுவிடலாம். விடை ஒரே ஒரு அம்பு, கீழ்நோக்கி: புவியீர்ப்பு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மேல்நோக்கி ஒரு பெரிய அம்பு போட்டு 'எறிந்த விசை' என்று பெயர் எழுதினார்கள். உச்சிக்குப் போனதும் இரண்டு அம்பும் சமமாகும், அதனால் கல் ஒரு கணம் நிற்கும், பிறகு எறிந்த விசை தீர்ந்துபோய்க் கல் இறங்கும். அழகான விளக்கம். நியூட்டனின் இரண்டாம் விதியைக் கூறி எஃப் சமம் எம்.ஏ. என்று நிறுவிய அதே கைகள் வரைந்த படம்.

லாரியும் ஸ்கூட்டரும் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? லாரிதான் என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் விதி என்ன? ஒரே குரலில் ஒப்பித்தார்கள். ஒப்பித்துவிட்டு மறுபடியும் லாரிதான் என்றார்கள். விசை சமம், நிறை வேறு, அதனால் ஸ்கூட்டருக்குக் கிடைக்கும் முடுக்கம் பல மடங்கு அதிகம், அடிபடுவது அதனால்தான் என்று முதல் விதி தொடங்கி மூன்றாம் விதி வரை சேர்த்து யோசிக்க அவர்களுக்கு யாரும் சந்தர்ப்பம் தரவில்லை. நாங்கள் மூன்று விதிகளையும் மூன்று டூ மார்க்காகப் பிரித்துக் கொடுத்திருந்தோம்.

இந்தக் கேள்விகள் நான் கண்டுபிடித்தவை இல்லை. மேலே எறிந்த நாணயத்தைப் பற்றிய கேள்வியை ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு 1982-இலேயே கட்டுரை எழுதிவிட்டார். அங்கும் பெரும்பாலோர் மேல்நோக்கி அம்பு போட்டவர்கள்தான். 1985-இல் ஹல்லூனும் ஹெஸ்டெனஸும் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். அதிலிருந்து 1992-இல் 'விசைக் கருத்துத் தேர்வு' என்று சொல்லத்தக்க ஒன்று உருவானது. இன்று புழங்கும் வடிவத்தில் முப்பது கேள்விகள். சூத்திரம் கிடையாது, கணக்கு கிடையாது. இரண்டு இரும்புக் குண்டுகள் மாடியிலிருந்து விழுகின்றன, லாரியும் காரும் மோதுகின்றன என்பது மாதிரியான கேள்விகள்தான். அதன் சிறப்பு தவறான விடைகளில் இருக்கிறது. அவற்றை ஆசிரியர்கள் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. மாணவர்களிடம் பேசி, அவர்கள் மனதார நம்பிச் சொன்ன விடைகளையே எடுத்து வைத்தார்கள். எங்கள் ஒன் மார்க் கேள்விகளை நினைத்துப் பார்க்கிறேன். நாலு விடையில் இரண்டு வாயில் நுழையாத எண்கள், ஒன்று 'இவை அனைத்தும்'. ஒரு பிள்ளை எதைத் தவறாக நம்புகிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதில் துளியும் இல்லை.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், தன் மாணவர்களுக்கு இதெல்லாம் மிகச் சுலபம் என்று நம்பி 1990 வாக்கில் ஹல்லூன், ஹெஸ்டெனஸ் தயாரித்த அந்த முதல் வினாத்தாளைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்ற பொருள்படக் கேட்டாளாம். அந்தக் கேள்வி அவரை உலுக்கியது. சொற்பொழிவைக் குறைத்துக்கொண்டு, வகுப்பிலேயே ஒரு கருத்துக் கேள்வி கேட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் இருப்பவர்களோடு வாதாட விட்டு, பிறகு மறுபடி கேட்கும் முறைக்கு மாறினார். 1998-இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகள், 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் திரட்டிப் பார்த்தார். ஆசிரியர் பேச மாணவர் கேட்டு எழுதும் வகுப்புகளில், தெரிந்துகொள்ள மிச்சமிருந்ததில் கால்பங்குகூடப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பேசவும் செய்துபார்க்கவும் விட்ட வகுப்புகளில் ஏறக்குறைய பாதி சேர்ந்திருந்தது. பாதிதான், ஆனால் இரு மடங்கு. இவற்றில் சில நான் பி.எட். முடித்த பிறகு வந்த ஆய்வுகள். எத்தனையோ பணியிடைப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன், டீயும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். நானாகத் தேடிப் படிக்க எனக்கு இத்தனை வருடம் ஆனது.

மேல்நோக்கி அம்பு போட்ட பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களை 'வீக் ஸ்டூடன்ட்ஸ்' என்று நாங்கள் எழுதி ஒதுக்கியிருக்கிறோம். எறிந்த பொருளுக்குள் ஒரு விசை ஏறிக்கொள்கிறது, போகப் போக அது தீர்கிறது என்று ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் பிலோபோனஸ் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் புரிதான் அதை இன்னும் திருத்தமாகச் சொன்னார். அதைத் தாண்டி வர கலிலியோவும் நியூட்டனும் வேண்டியிருந்தது. மனித இனம் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் யோசித்த ஒரு சிந்தனையை, மாட்டுவண்டியையும் சைக்கிளையும் பார்த்து வளர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளை தானாகவே வந்தடைந்திருக்கிறது. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நிற்கிறது. அப்படியென்றால் ஓடுவதற்கு விசை வேண்டும். உராய்வு கண்ணுக்குத் தெரியாது அல்லவா? அது முட்டாள்தனம் கிடையாது, உழைத்துச் சேர்த்த அறிவு. நாங்கள் அதை ஒருமுறைகூட வெளியே எடுத்துப் பார்க்காமல், அதன் மேலேயே மூன்று விதிகளைச் சாந்து பூசுவதுபோல் பூசிவிட்டுப் போனோம். பரீட்சை முடிந்த மறுநாள் சாந்து உதிர்கிறது, உள்ளே பழைய சுவர் அப்படியே நிற்கிறது.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

பாடங்களுக்கு இத்தனை மதிப்பெண் என்று பங்கு பிரிக்கும் 'ப்ளூபிரிண்ட்' இருந்த காலத்தில், எந்தப் பாடத்தை விட்டால் எத்தனை மதிப்பெண் போகும் என்று கணக்குப் போட்டோம். விட வேண்டிய பாடங்களைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொன்னோம். ப்ளூபிரிண்ட் போனபின் பழைய வினாத்தாள்களை வைத்து நாங்களே ஒன்று தயாரித்துக்கொண்டோம். 2018-19, 2019-20 ஆண்டுகளில் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் உழைத்திருக்கிறார்கள், ஓரப்பெட்டிகளில் யோசிக்க வைக்கும் செய்திகள் நிறைய இருக்கின்றன. நாங்கள் அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் பாடத்தின் கடைசிக்குப் போய் 'புக் பேக்' கேள்விகளுக்கு எண் போட்டுக் கொடுத்தோம்.

2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரையிலும் அடுத்த ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக்கும் தொடர் மதிப்பீட்டு முறை வந்தது. நூறில் அறுபது தொகுத்தறி மதிப்பீடு, நாற்பது வளரறி மதிப்பீடு. அந்த நாற்பது முழுக்க எங்கள் கையில். எந்த அதிகாரியும் வினாத்தாள் அனுப்பப் போவதில்லை, 'கீ' எனும் விடைக்குறிப்பும் கிடையாது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து 'ஏன் அப்படி நினைக்கிறாய்' என்று கேட்பதற்கு அரசே எங்களுக்குக் கொடுத்த நேரம் அது. நாங்கள் என்ன செய்தோம்? ஸ்டேஷனரி கடையில் விற்ற சார்ட்டை ஒட்டிக்கொண்டு வரச் சொன்னோம். மதிப்பெண் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், டி.வி. ஓடிக்கொண்டிருக்க, 17, 18, 16, 18 என்று மேலிருந்து கீழாக நிரப்பினேன். ஒரே எண் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பதிவேட்டில் இருந்த ஒவ்வொரு பெயரும் ஒரு பிள்ளை.

செய்முறைத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25. பிள்ளை கருவியைக் கையில் எடுத்து, அளந்து, தவறி, திரும்ப அளக்கும் நேரத்துக்காக வைத்த மதிப்பெண் அது. வருடத்தில் பாதி நாள் ஆய்வகத்தைப் பூட்டி வைத்திருந்தோம், உடைந்தால் யார் பதில் சொல்வது என்று. மீட்டர் சமனச்சுற்றின் கம்பி தளர்ந்து கிடக்கும். கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அசையாது. ஜனவரியில் திறந்து, நாங்களே ஒரு 'மாடல் ரீடிங்' எழுதிப் போட்டோம். பிள்ளைகள் அதைத் தங்கள் ரெக்கார்டில் எழுதினார்கள், தேர்வன்றும் அதையே எழுதினார்கள். வெளியிலிருந்து தேர்வாளராக வந்த ஆசிரியர் எங்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பள்ளிக்கு நான் போனபோது நானும் மூடிக்கொண்டேன். ஒரு முறை குவிலென்சின் குவியத்தொலைவு காணும் சோதனையில், திரையில் பிம்பமே விழாமல் ஒரு பையன் அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தான். மூன்று ரீடிங்கும் தசமப் புள்ளி வரை பொருந்தின. பக்கத்தில் போய் நின்றேன். அவன் பயந்து என்னைப் பார்த்தான். "எழுது, எழுது" என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதலாம் என்று ஒரு பிள்ளைக்கு அறிவியலின் பெயரால் கற்றுக்கொடுத்தது நான்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது.

விடைத்தாள் திருத்தும் முகாமில் நடந்த ஒன்று என்னை இன்னும் விடவில்லை. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. தாளில் பெயர் இருக்காது, டம்மி எண்தான். ஓடும் பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் பயணிகள் முன்னோக்கிச் சாய்வது ஏன் என்ற கேள்வி. கீயில் 'இயக்கத்தில் நிலைமம்' என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பெண், விளக்கத்துக்கு ஒன்று. ஒரு தாளில் இப்படி இருந்தது: நம்மை யாரும் முன்னால் தள்ளவில்லை. நாம் ஏற்கெனவே பஸ்ஸோடு போய்க்கொண்டுதான் இருந்தோம். பஸ் மட்டும் நின்றது. காலைப் பஸ் பிடித்துக்கொண்டது, உடம்பைப் பிடிக்க ஒன்றும் இல்லை, அது போகிறபடியே போனது.

நிலைமம் என்ற சொல் அதில் இல்லை. கீயைப் பார்த்தேன். ஒன்று போட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். அடுத்த தாளில் 'இயக்கத்தில் நிலைமம் காரணமாக' என்று ஒரே வரி, கூடவே கைடில் இருக்கும் விளக்கம் வார்த்தை மாறாமல். இரண்டு போட்டேன். அந்த மேசையில் பத்துப் பேர் இருந்தோம். இந்த விடையைப் பாருங்கள் சார், பாருங்கள் மேடம், என்று நான் ஒருவரிடமும் காட்டவில்லை. டீ வந்தது, குடித்தோம். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது டிரைவர் பிரேக் போட்டார், முன் சீட்டில் முட்டிக்கொண்டேன். காலைப் பஸ் பிடித்துக்கொண்டது. அதைவிடத் தெளிவாக அந்த நிகழ்ச்சியை இதுவரை எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

காரணங்கள் எங்களுக்கு உண்டு, பொய்க் காரணங்கள் இல்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) ரிவ்யூ மீட்டிங்கில் எழுந்து நிற்க வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது பேர். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் வேதியியல்காரர் இயற்பியலும் எடுப்பார். நலத்திட்டக் கணக்கு, ஆன்லைன் பதிவு என்று 'எமிஸ்' இணையதள வேலை தீராது. பத்தாம் வகுப்பு பாஸ் ஆகாவிட்டால் ஒரு பெண்ணுக்கு அந்த வருடமே கல்யாணம் பேசிவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவளைக் கரையேற்ற நாற்பது கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுத வைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை, அதை நாளைக்கும் செய்வேன். வருத்தப்படுவது வேறொன்றுக்கு. முட்டுக்கொடுக்க வைத்த குச்சியையே வீடு என்று நம்பினோம். தேர்வு முடிவு வந்த அன்று பேனர் கட்டினோம், லட்டு கொடுத்தோம், இயற்பியல் தெரிந்துவிட்டது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். 2025-இல் பத்தாம் வகுப்பில் அறிவியலில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் நூற்றுக்கு நூறு. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு பெரியது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அவர்களில் எத்தனை பேர் கல்லின் படத்தில் ஒரே அம்பு போடுவார்கள் என்பதைக் கேட்க வேண்டியது நாங்கள். கேட்கவில்லை.

ஊரார் கேட்டுச் சொன்னபோதும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2009-ஆம் ஆண்டு 'பீசா' எனும் சர்வதேசத் தேர்வின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டிலும் இமாசலப் பிரதேசத்திலும் பதினைந்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். வாசிப்பு, கணிதம், அறிவியல். கலந்துகொண்ட 74 நாடுகள், பகுதிகளில் இந்த இரண்டு மாநிலங்களும் கடைசி மூன்று இடங்களுக்குள் வந்தன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். இந்தியா அடுத்த சுற்றில் பங்கேற்கவில்லை. அந்தக் குறை நியாயமாகவே இருக்கலாம். அப்படியானால் நம் சூழலுக்குப் பொருந்தும் பத்துக் கேள்விகளை நாங்களே எழுதி நம் பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாமே? எங்கள் ஸ்டாஃப் ரூமில் அந்தச் செய்தி ஒருநாள் பேச்சாகக்கூட இருக்கவில்லை.

நம் நாட்டில் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிப்பதில் ஒரு முயற்சி தொடங்கியது. 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவியது. எல்லாம் அரசுப் பள்ளிகளைச் சுற்றியே. பிள்ளைகள் செய்துபார்த்துப் படித்தார்கள். எனக்கு வியப்பு அதன் தேர்வுமுறை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வு. புத்தகம் கையில் இருக்கும்போது மனப்பாடத்தைக் கேட்டு என்ன பயன்? கேள்வி தயாரிக்கும் ஆசிரியர் வேறு வழியில்லாமல் யோசிக்கத்தக்க கேள்வியைத் தேடியாக வேண்டும். பிள்ளைகள் மனதில் தோன்றுவதைக் கடிதமாகக் கேட்க 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தையே வைத்திருந்தார்கள். 2002-இல் அரசு அதை நிறுத்தியது. ஆனால் முப்பது ஆண்டு நடந்தது. என் குடத்துப் பெண் அங்கே பிறந்திருந்தால் சவாலிராமுக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பாள், யாராவது ஒருவர் உட்கார்ந்து அவளுக்குப் பதில் எழுதியிருப்பார்.

இரண்டு வருடமாகத் திங்கள்கிழமை ஸ்லிப் டெஸ்டை மாற்றிவிட்டேன். ஒரே கேள்வி. விடை ஒரு வரி, அப்படி ஏன் நினைக்கிறாய் என்பது மூன்று வரி. மதிப்பெண் கிடையாது. ரேஷன் கடையில் இருபது கிலோ அரிசி 'எடை' போட்டார்கள் என்கிறோம், பாடத்தில் கிலோகிராம் நிறைக்கு அலகு என்கிறோம், தராசு உண்மையில் எதை அளக்கிறது? குளிர்ந்த பித்தளைச் சொம்பும் பக்கத்தில் இருக்கும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருக்க முடியுமா? ஆரம்பத்தில் பிள்ளைகள் வெற்றுத்தாள் கொடுத்தார்கள். "இது எந்தப் பாடத்துல வருது மிஸ்?" என்று கேட்டார்கள். தவறாக எழுதினால் திட்டுவேனா என்று ஒருத்தி தனியாக வந்து கேட்டாள். மூன்று மாதம் ஆனது அந்தப் பயம் போக. இப்போது பின்பக்கமும் எழுதுகிறார்கள். பாடம் முன்பைவிட மெதுவாகத்தான் நகர்கிறது. ஒவ்வொரு மாதமும் எச்.எம்.மிடம் அதற்குப் பதில் சொல்கிறேன். பக்கத்துப் பள்ளிகளின் இரண்டு ஆசிரியர்கள் இந்தக் கேள்விகளை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் அனுப்பும் கேள்விகள் என்னுடையவற்றைவிட நன்றாக இருக்கின்றன.

போன திங்கள்கிழமை கல்லின் கேள்வியை மறுபடி கொடுத்தேன். இரண்டு வாரம் நடத்திய பிறகு கொடுத்தது. பெரும்பாலோர் ஒரே அம்பு போட்டிருந்தார்கள். ஒரு பையனும் ஒரே அம்புதான் போட்டிருந்தான், சரியான திசையில். கீழே மூன்று வரியில் இப்படி எழுதியிருந்தான்:

'மிஸ், நீங்க சொன்னதால கீழ்நோக்கி மட்டும் போட்டிருக்கேன். ஆனா கல்லு மேல போறப்ப மேல்நோக்கி ஏதோ இருக்குற மாதிரிதான் எனக்கு இன்னும் தோணுது. இல்லன்னா அது எப்படி மேல போவும்?'

அந்தத் தாளைக் கிழிக்காமல் பாடக்குறிப்பு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு முதல் பீரியட் அந்த வகுப்பு. ஒரு ரப்பர் பந்து வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன். அவனைத்தான் முன்னால் கூப்பிட்டு முதலில் எறியச் சொல்லப் போகிறேன். கையை விட்டுப் பந்து பிரிந்த பிறகு அதைத் தொட்டுக்கொண்டிருப்பது யார் என்று கேட்கப் போகிறேன்.